58 சிசி ஸ்டிக்கரா, 59 சிசி மெஷினா? நம்ம பக்கத்து மரங்களுக்கு எந்த செயின்சா

போன மாதம் ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தது. சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர்; காய்ப்பு நின்ற மரங்களை எடுக்க வேண்டுமாம். கள்ளிக்குடிக்காரர் ஒருவர், மானாவாரி நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம் ஏறிக் கிடக்கிறது. மூன்றாமவர் மேலூர், மரத்தை நின்ற நிலையில் விலை பேசி வாங்கி, அறுத்து மில்லுக்கு ஏற்றுவதே அவர் தொழில். மூவரும் கேட்டது இதுதான்: "செயின்சா வாங்கணும், எது நல்லா அறுக்கும்?"

மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருக்காவது காசு தண்டம்.

நான் கடைக்காரன் இல்லை. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காடு, ஊரைச் சுற்றிக் கருவேலம். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது எங்கள் பக்கம் காலையிலிருந்து சாயங்காலம் வரை மெஷின் சத்தம்தான். அந்த வேகத்தில் நானும் என் முதல் மெஷினை வாங்கினேன். இதுவரை மூன்று வாங்கியாயிற்று, அதில் ஒன்று பழைய இரும்புக்காரரிடம் போயாயிற்று. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

## முதலில், "நல்லா அறுக்கும்" என்றால் என்ன?

கடையில் ஒரு வாழைத்தண்டு மாதிரி மெத்தென்ற கட்டையை வைத்து அறுத்துக் காட்டுவார்கள். எந்த மெஷினும் அதில் சர்ரென்று இறங்கும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

ஒன்று, முழு பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) மரத்துக்குள் புதைந்திருக்கும்போது எஞ்சின் சுற்று எவ்வளவு விழுகிறது. வெறுமனே ஓடும்போது எல்லா மெஷினும் வீரன்தான். இரண்டு, காலையில் போட்ட கூர் எத்தனை மணிக்குச் செத்துப்போகிறது. மூன்று, எடை, அதாவது மதியத்துக்கு மேல் உங்கள் தோள் என்ன சொல்கிறது. நான்கு, நீங்கள் அறுக்கப்போகும் மரம் எது. ஐந்து, கெட்டுப்போனால் எங்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இதில் விலையைச் சேர்க்கவில்லை. விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் விலைச்சீட்டில் இல்லாத செலவுகள் இருக்கின்றன, அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## மெஷினைப் பார்க்கும் முன் சங்கிலியைப் பாருங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "அறுக்கவே மாட்டேங்குது" என்று என்னிடம் வந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை.

முதல் வருடம் களத்து மேட்டில் விழுந்த புளியமரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வெட்டு இறங்க ஒரு பீடி குடிக்கிற நேரம் ஆனது. நான் மெஷினை அமுக்க, அது புகையைக் கக்க, வெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் நாற்பது வருடம் மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் வந்து நின்றார். மெஷினைப் பார்க்கவே இல்லை. கீழே கொட்டிக் கிடந்த தூளை உள்ளங்கையில் அள்ளி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். கேழ்வரகு மாவு மாதிரி இருந்தது.

"தம்பி, இது மாவு. ஒன் மெஷினு அறுக்கலப்பா, தேய்க்குது."

பார் முனையைக் கட்டையில் ஊன்றி, வட்ட அரத்தை எடுத்து, பல் ஒன்றுக்கு மூன்று இழுப்பு. ஒரு பக்கத்துப் பற்களை முடித்து, மறுபக்கம் திரும்பி அதே மூன்று இழுப்பு. கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு அதே கட்டையில் அதே மெஷினை வைத்தேன். நான் அமுக்கவே இல்லை, மெஷின் தன் எடையிலேயே இறங்கியது. கீழே விழுந்தது அவல் மாதிரி தட்டையான சீவல். மாவா, அவலா என்று பார்ப்பதுதான் இன்றுவரை என் அளவுமானி.

அரத்தின் கனம் சங்கிலிக்கு ஏற்ப மாறும். சங்கிலியை 3/8, .325 என்று சொல்வது கண்ணிகளின் இடைவெளி அளவை, இன்ச்சில். சின்ன மெஷின்களில் வரும் மெல்லிய 3/8 சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர், .325 சங்கிலிக்கு 4.8, பெரிய 3/8 சங்கிலிக்கு 5.2 அல்லது 5.5. சாய்வு பெரும்பாலும் 30 டிகிரி. தவறான அரத்தைப் போட்டால் பல் பளபளவென்று இருக்கும், அறுக்காது. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல்லை விட அது சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை மட்டும் தீட்டிக்கொண்டே போனால் பல் தேய்ந்து இறங்கும், மேடு அப்படியே நிற்கும். கூர் இருந்தும் அறுக்காத சங்கிலிக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். நாலைந்து தீட்டலுக்கு ஒருமுறை தட்டை அரத்தால் அந்த மேட்டையும் லேசாகத் தட்ட வேண்டும். அதற்காக ரொம்ப இறக்கினால் மெஷின் மரத்தைக் கடித்துக்கொண்டு உதறும்.

பல்லின் வடிவத்திலும் இரண்டு வகை. மூலை சதுரமாக, கூர்மையாக இருப்பது ஒன்று. சுத்தமான பச்சை மரத்தில் இதன் வேகத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் ஒரு சிட்டிகை மண் பட்டால் அந்த மூலை போய்விடும், அப்புறம் மாவுதான். மூலை உருண்டிருப்பது மற்றொன்று. புதிதில் வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் தூசி, மண், காய்ந்த வைரம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நீடித்து அறுக்கும். வெளிநாட்டு ஒப்பீட்டு வீடியோக்களில் பெரும்பாலும் பட்டை சுத்தமாக இருக்கும் பைன் கட்டையைச் சதுரப் பல்லால் அறுத்து நொடி எண்ணுகிறார்கள். கண்மாய்க் கரைக் கருவேலத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. நம் ஊருக்கு உருண்ட மூலைதான். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த சங்கிலியும் உண்டு. மண்ணுக்கு அஞ்சாது, ஆனால் வேகம் குறைவு, விலை அதிகம், சாதாரண அரம் அதன் மேல் வழுக்கும். தூர் மட்டுமே அறுப்பவர்களுக்குத் தவிர அது வேண்டாம்.

சங்கிலி ஓடும் வேகத்தை நீங்களே கணக்குப் போடலாம். .325 சங்கிலி, அதை இழுக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் 7 பல் என்றால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது சங்கிலி சுமார் 11.5 சென்டிமீட்டர் நகரும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்கு 19 மீட்டர். 3/8 சங்கிலியில் அதே சுற்றுக்கு 22 மீட்டர். பெரிய சங்கிலி வேகமாக ஓடும், அகலமாகவும் வெட்டும். ஆனால் அதை இழுக்கத் தெம்பு வேண்டும். தெம்பில்லாத எஞ்சினில் மாட்டினால் 10,000 சுற்று 6,000-க்கு விழுந்து, கணக்கெல்லாம் காற்றில் போய்விடும்.

## நம்ம பக்கத்து மரங்கள்

சீமைக்கருவேலத்தில் பருமன் பிரச்சினை இல்லை. கனமான மரம்தான், ஆனால் பெரும்பாலும் தொடை அளவுக்கு மேல் போகாது. தலைவலி தூரில்தான். தரையோடு நாலைந்தாகப் பிரிந்து, வண்டல் மண் அப்பி, முள்ளோடு நிற்கும். குனிந்து, பார் முனையை உள்ளே விட்டு அறுக்கும்போதுதான் மண்ணில் பல் படும். முனையின் மேல்பக்கம் கட்டையில் இடித்தால் மெஷின் முகத்தைப் பார்த்து எகிறுவதும் அங்கேதான்.

புளி வேறு ரகம். வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் மெஷினின் யோக்கியதை தெரிந்துவிடும். சாலையோரப் புளியில் இன்னொரு வில்லங்கம் உண்டு: ஆணி. எந்தக் காலத்திலோ எவனோ அடித்த விளம்பரத் தகரத்தின் ஆணியை மரம் விழுங்கி வைத்திருக்கும். ஒரு ஆணி போதும், சங்கிலியில் ஒரு வரிசைப் பல் மொத்தமும் காலி.

தென்னை பார்க்கத்தான் சாது. வெளிவட்டம் கெட்டி, சங்கிலிப் பல்லைச் சீக்கிரம் மழுக்கும். உள்ளே ஈர நார், அது கிளட்ச் மூடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மூன்று மரத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் ஆயில் வரும் துளையும் அடைபட்டுப் பார் சூடேறும். வேம்பு, மா, வாகை இவற்றில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடுத்தர மெஷினே போதும்.

பனையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். தேக்கு, ஈட்டி, சந்தனம் நிற்கும் இடத்திலும் முதலில் வனத்துறை, அப்புறம்தான் மெஷின்.

## ஒரே பார்வையில்

| மெஷின் | சிசி | பவர் (கிலோவாட்) | பார் இல்லாத எடை (கிலோ) | தாங்கும் பார் | எதற்கு |
|---|---|---|---|---|---|
| ஸ்டில் எம்எஸ் 180 | 31.8 | 1.4–1.5 | சுமார் 4 | 14–16 இன்ச் | கவாத்து, விறகு |
| ஸ்டில் எம்எஸ் 250 | 45.4 | 2.3 | 4.6 | 16–18 இன்ச் | தோப்பு, கருவேலம் |
| ஸ்டில் எம்எஸ் 361 | 59 | 3.4 | 5.6 | 18–20 இன்ச் | அன்றாடத் தொழில் |
| ஸ்டில் எம்எஸ் 382 | 72.2 | 3.9 | 6.2 | 20–25 இன்ச் | புளி, பெரிய அடிமரம் |
| ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி | 70.7 | சுமார் 4 | 6–6.6 | 20–25 இன்ச் | புளி, பெரிய அடிமரம் |
| "58 சிசி" மலிவு மெஷின் | ஸ்டிக்கரில் 58 | நான் பார்த்த கையேடுகளில் 2.2 | 5.5-ஐ ஒட்டி | 20–22 போட்டு வரும், தாங்குவது 18 | எப்போதாவது |

ஸ்டில், ஹஸ்க்வர்னா இரண்டும் கம்பெனிப் பெயர்கள்; இனி மாடல் எண்ணை மட்டும் சொல்கிறேன். இந்த அட்டவணையில் சிசியை விட்டுவிட்டுப் பவரையும் எடையையும் பாருங்கள். ஒரு கிலோ எடையைத் தூக்குகிறீர்கள், அதற்கு எவ்வளவு பவர் கிடைக்கிறது? 382-ல் 0.6 கிலோவாட்டுக்கு மேல். 250-ல் அரை. மலிவு மெஷினில் 0.4. அதாவது சின்ன 180 தரும் அளவுதான், ஆனால் தூக்குவது ஒன்றரைக் கிலோ அதிகம்.

## சின்ன மெஷின்: 30–40 சிசி

வேகம்: ஆறு இன்ச் கிளைக்கு அருமை. பத்து இன்ச் காய்ந்த புளிக்கு வைத்தால் நிற்காது, ஆனால் கெஞ்சும். இதில் வரும் சங்கிலி மெல்லியது, குறுகலாக வெட்டும். அதனால்தான் ஒன்றரைக் கிலோவாட்டிலும் சமாளிக்கிறது.

மறைந்த செலவு: எம்எஸ் 180-இன் டாங்க் கால் லிட்டர்தான். நாள் முழுக்க வேலை என்றால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இவை தொழிலுக்கென்று செய்தவை இல்லை. தினமும் ஆறு மணி நேரம் ஓட்டினால் ஒரு சீசனில் பிஸ்டனைப் பார்க்க நேரிடும்.

யாருக்கு: தோப்பு, தோட்டம் வைத்து வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் கிளை கழிப்பவர்களுக்கு. வீட்டில் பையனும் எடுத்து ஓட்டுவான் என்றால் நாலு கிலோ எடை பெரிய சௌகரியம். ஹஸ்க்வர்னாவில் 120 மார்க் 2 இதே ரகம். எடை கொஞ்சம் கூடுதல்.

## நடுத்தரம்: 45 சிசி

என் கையில் இப்போது இருப்பது இந்த ரகம்தான், அதனால் கொஞ்சம் பாசம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

வேகம்: தொடை அளவுக் கருவேலம், தென்னை, வேம்பு எல்லாவற்றுக்கும் போதும். 16 இன்ச் பார் போட்டால் முழுக்கப் புதைந்தும் சுற்று விழாது. 18 போடலாம். ஆசைப்பட்டு 20 போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீள பாரில் அதிகப் பற்கள் ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருக்கும், ஒவ்வொரு பல்லுக்கும் கிடைக்கும் தெம்பு குறையும். 16 இன்ச் பாரில் இரண்டு பக்கமிருந்து அறுத்து முடிப்பதே சீக்கிரம் ஆகும்.

மறைந்த செலவு: ஆயில். பெட்ரோலில் கலக்கும் இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் கம்பெனி ஆயிலாக இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண 2டி ஆயில் என்றால் 40 மில்லி. இங்கே மிச்சம் பிடிப்பவர்கள் பட்டறையில் தண்டம் அழுவார்கள். பாருக்கு ஊற்றும் ஆயிலில் நம் ஆட்கள் எல்லோரும் டிராக்டரில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன். அதில் இரும்புத் துகள் இருக்கும், சங்கிலியில் ஒட்டாமல் தெறித்துப் போகும். ஒரு வருடத்தில் பாரின் பள்ளம் அகன்று சங்கிலி ஆட ஆரம்பித்தது. புது பார் விலைக்கு நல்ல ஆயில் எத்தனை கேன் வாங்கியிருக்கலாம் என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன்.

யாருக்கு: சொந்த நிலத்தில் வருடத்துக்கு ஒரு மாதம் வரை வேலை உள்ளவர்களுக்கு. ஊருக்குள் கூலிக்கும் போகலாம், புளியமரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

## தொழில்முறை மெஷின்: 60, 70 சிசி

வேகம்: இங்கேதான் கதையே மாறுகிறது. 382-ஓ 372-ஓ 20 இன்ச் பாரோடு புளியின் வைரத்தில் இறங்கும்போது எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனக்கும், சுற்று விழாது. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு மற்ற மெஷின் பிடிக்காது. அதுவும் ஒரு செலவுதான்.

இந்த இரண்டுக்குள் எது வேகம் என்று டீக்கடையில் அடிதடியே நடக்கும். காகிதத்தில் பவர் கிட்டத்தட்ட சமம், எடையும் அப்படியே. அந்த இடைவெளியைக் கூர் போட்டவன் கை விழுங்கிவிடும். வெளிநாட்டில் மரம் அறுக்கும் போட்டிகளில் ஒரு பிரிவில் எல்லோருக்கும் ஒரே ரக மெஷினைத்தான் கொடுப்பார்கள், அப்படியும் ஒருவன் ஜெயிக்கிறான், ஒருவன் தோற்கிறான். எனவே இந்த இரண்டில், உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் எதற்கு சர்வீஸும் பார்ட்ஸும் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். வேறு காரணம் தேட வேண்டாம்.

361-ஐ அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை. 382-ஐ விட அரைக் கிலோவுக்கு மேல் குறைவு, பவர் அரைக் கிலோவாட் குறைவு. ஒன்றரை அடிக்குள் உள்ள மரங்களையே நாள் முழுக்க அறுப்பவருக்கு இதுதான் என் தேர்வு. சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அரைக் கிலோவின் அருமை தெரியும்.

அதிர்வைத் தாங்க இந்த ரகத்தில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஸ்பிரிங் அல்லது ரப்பர் கச்சிதமாக இருக்கும். மலிவு மெஷினைப் பகல் முழுக்க ஓட்டிவிட்டு ராத்திரி சோற்றைப் பிசையும்போது விரல் மரத்துக் கிடந்ததை நான் அனுபவித்திருக்கிறேன். அதை வருடக்கணக்கில் செய்தால் விரல் நரம்பும் ரத்தக்குழாயும் நிரந்தரமாகக் கெடும்.

மறைந்த செலவு: பெட்ரோல், பெரிய சங்கிலி, பெரிய பார் எல்லாமே கூடுதல். அதை விட முக்கியம், எத்தனால். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கூடினால் கலவையில் காற்று மிஞ்சி எஞ்சின் சூடேறும். கையால் ட்யூன் செய்யும் கார்புரேட்டராக இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்து ஒருமுறை சரி செய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் மெஷினை மாதக்கணக்கில் சும்மா வைப்பதானால் டாங்கை வடித்து, கார்புரேட்டர் காயும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு விறைத்துப்போகும். பிறகு கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் கழலும்.

யாருக்கு: மேலூர்க்காரருக்கு. அவரை மாதிரி மெஷின் ஓடினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. மற்றவர்கள் இதை வாங்கி வைத்தால் வருடத்தில் 340 நாள் சாக்குக்குள் தூங்கும்.

## "58 சிசி" மலிவு மெஷின்

பத்தாயிரத்துக்குள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது, 22 இன்ச் பார், கூடவே ஒரு சங்கிலி இலவசம். என் முதல் மெஷின் இதுதான். கம்பெனி பெயர் வேண்டாம், ஒரே அச்சில் பல பெயரில் வருகிறது.

வேகம்: 59 சிசி தொழில்முறை மெஷின் 3.4 கிலோவாட் தரும் இடத்தில் இது 2.2 தருகிறது. ஒரு சிசி வித்தியாசம் ஸ்டிக்கரில், ஒன்றரை மடங்கு வித்தியாசம் மரத்தில். அதற்கு மேல் 22 இன்ச் பாரையும் தொங்கவிட்டால் மாட்டு வண்டியில் லாரி டயரை மாட்டிய கதை.

எனக்கு நடந்தது: பத்தாம் நாள் சைலன்சர் போல்ட் அதிர்வில் கழன்று கருவேல முள்ளுக்குள் எங்கோ விழுந்தது. ஒரு மாதத்தில் கூட வந்த சங்கிலி நீண்டு, இறுக்க இறுக்கத் தொங்கியது. ஒருநாள் அறுக்கும்போதே கழன்று பக்கவாட்டில் அடித்தது. அன்று வேட்டியைக் கழற்றிப் பேண்ட் போட்டிருந்ததால் தொடை தப்பியது. இரண்டாம் வருடம் ஆயில் பம்ப் போயிற்று. மூன்றாம் வருடம் பழைய இரும்பு.

இருந்தாலும் நியாயமாகப் பேச வேண்டும். இதன் பார்ட்ஸ் எல்லாம் சல்லிசு, எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். பிஸ்டன் செட்டைக்கூட நீங்களே மாற்றலாம். இதை வாங்கி நாலு வருடமாகச் சந்தோஷமாக ஓட்டும் நண்பர் எனக்கு உண்டு. அவர் முதல் நாளே செய்தது மூன்று வேலை. எல்லாப் போல்ட்டையும் கழற்றி, கழலாமல் பிடிக்கும் பசை வைத்து முடுக்கினார். 22 இன்ச் பாரைத் தூக்கிப் போட்டுவிட்டு 18 மாட்டினார். கூட வந்த சங்கிலிக்குப் பதில் நல்ல கம்பெனிச் சங்கிலி போட்டார். சங்கிலி வாங்கும்போது பழையதன் அடிக்கண்ணிகளை (பாரின் பள்ளத்துக்குள் ஓடுபவை) எண்ணிக்கொண்டு போங்கள், இன்ச் கணக்குச் சொன்னால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

யாருக்கு: வருடத்தில் நாலைந்து நாள் வேலை, கையில் ஸ்பானர் பிடிக்கத் தெரியும், கெட்டால் அன்றைக்கு வேலை நின்றாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு. இதில் ஆள் வைத்துக் கூலிக்கு ஓட்டாதீர்கள். ஓட்டுபவர் உடம்புக்கு நீங்கள்தான் பொறுப்பு. எதை வாங்கினாலும் சங்கிலி பிரேக் பிடிக்கிறதா என்று கடையிலேயே தட்டிப் பாருங்கள்.

## பேட்டரி, கரண்ட்

கரண்ட் ரம்பம் பட்டறைக்கும் மரக்கடைக்கும் சரி. 2 கிலோவாட் மெஷின் என்றால் சின்னப் பெட்ரோல் மெஷினை விட நன்றாகவே அறுக்கும். ஒயர் மட்டும் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய ஒயரை நூறடி இழுத்தால் வோல்டேஜ் விழுந்து மோட்டார் சூடாகும். தோட்டத்துக்கு உதவாது.

பெரிய கம்பெனிகளின் 36 வோல்ட் பேட்டரி மெஷின் நல்லதுதான். சத்தமில்லை, புகையில்லை, மதுரை டவுனுக்குள் காம்பவுண்டு மரம் கழிப்பவர்களுக்கு அக்கம்பக்கத்தில் சண்டை வராது. ஆனால் இரண்டு பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்தால் நடுத்தரப் பெட்ரோல் மெஷினைத் தாண்டிவிடும். காட்டில் சார்ஜ் போட இடமும் இல்லை.

ஆன்லைனில் வரும் கையடக்க 6 இன்ச் ரம்பத்தில் "88 வோல்ட்" என்று எழுதியிருக்கும். உள்ளே ஐந்து லித்தியம் செல் என்றால் முழு சார்ஜிலும் 21 வோல்ட்தான். கொய்யா, முருங்கை கவாத்துக்கு ஜோரான சாமான். ஒற்றைக் கையில் பிடித்து மறுகையால் கிளையைப் பிடிக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள்.

## ஆளைக் கூப்பிடுவது

இதை யாரும் ஒப்பிடுவதே இல்லை. சொந்த மெஷினோடு நாள் கூலிக்கு வரும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. மெஷின் விலையை அவர்கள் கூலியால் வகுத்துப் பாருங்கள், எத்தனை நாள் வருகிறதென்று. கண்ணாடி, காதடைப்பு, பூட்ஸ், அரம், ஆயில் எல்லாம் அவர்கள் செலவு. வீட்டுக் கூரைக்கு மேல் சாய்ந்த தென்னை, கரண்ட் கம்பிக்குப் பக்கத்து வேம்பு இவற்றுக்கெல்லாம் எவ்வளவு நல்ல மெஷின் இருந்தாலும் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும். கஷ்டம் என்னவென்றால், நமக்கு அவசரம் என்ற நாளில் அவர் போன் எடுக்க மாட்டார்.

## மூவருக்கும் நான் சொன்னது

சோழவந்தான்காரரிடம் எத்தனை மரம் என்று கேட்டேன். பதினாறு. ஆளைக் கூப்பிட்டு இரண்டு நாளில் முடித்துவிட்டு, மட்டை, கிளை கழிக்க 180 ரகம் ஒன்று போதும் என்றேன். மனிதருக்கு 382 மேல் ஒரு கண்ணு. இன்னும் முடிவு சொல்லவில்லை.

மேலூர்க்காரருக்கு 70 சிசி ஒன்று, 361 ஒன்று. பெரியது அடிமரத்துக்கு, சின்னது கழிப்பதற்கு. ஒன்று படுத்தால் மற்றது ஓடும். அவர் மறுபேச்சுப் பேசவில்லை, முன்பே அப்படித்தான் நினைத்திருந்தாராம்.

கள்ளிக்குடிக்காரரிடம்தான் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. சீமைக்கருவேலத்தை அறுத்தால் அது ஒழியாது; ஒரு மழைக்கு அதே தூரிலிருந்து ஐந்தாறு கொம்பு கிளம்பும். நிலத்தைத் திருத்த வேண்டுமென்றால் வேரோடு பிடுங்க ஜேசிபி வேண்டும். அதற்கு முன் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் பேசினால், அவர்களே ஆளோடும் மெஷினோடும் வந்து வெட்டிக்கொண்டு, மரத்துக்கென்று ஒரு தொகையும் தருவார்கள். "அப்ப மெஷினே வேணாங்கிறீங்களாண்ணே?" என்று கேட்டார். வேலியோரம் மிச்சம் நிற்பதற்கு ஒரு நடுத்தர மெஷின் வைத்துக்கொள்ளலாம், அதையும் ஜேசிபி போன பிறகு வாங்குங்கள் என்றேன். மறுநாள் ஒரு படம் அனுப்பியிருந்தார். 22 இன்ச் பார், சிவப்புக் கலர், பெட்டி பிரித்த நிலையில். முந்தின வாரமே ஆர்டர் போட்டுவிட்டாராம். 4.8 மில்லிமீட்டர் அரம் ஒன்றும் 18 இன்ச் பார் ஒன்றும் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்.